பம்பாய் நகர மேம்பாட்டுத் திட்டமும் தமிழர் குடியிருப்புகளும்

நகர அமைப்பு என்பது தெருவையும் மனையையும் வகுப்பதோடு அமைவதன்று. யார் எங்கே வாழ இயலும் என்பதையும் அதுவே பெரிதும் வரையறுத்துவிடுகின்றது. பம்பாய்த் தமிழர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மாட்டுங்கா, தாராவி ஆகிய இரு பகுதிகளும் ஒரே இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் அமைந்தவை. எனினும் ஒன்று திட்டத்தின் விளைவாகவும் மற்றொன்று திட்டத்திற்குப் புறம்பாகவும் வளர்ந்தமை இங்கு ஆராயப்படுகின்றது.

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. நெரிசலும் காற்றோட்டமின்மையுமே நோய்க்கு மூலம் என அன்றைய ஆட்சியாளர் கருதினர். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என்னும் உண்மை நிலைபெறுமுன்னரே கொள்கை வகுக்கப்பட்டுவிட்டது. அதன் விளைவாக, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ‘இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்’ எனப்பட்ட நகர மேம்பாட்டு வாரியம் தோன்றியது. மாநகராட்சியின் சார்பினரும் வணிகர் சார்பினரும் அதில் இடம்பெற்றனர்.

தொடக்கத்தில் வாரியம் கட்டியதைக் காட்டிலும் இடித்ததே மிகுதி எனலாம். பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை ஆகியவற்றிற்காக வீடிழந்தோர் அண்டைத் தெருக்களிலேயே தஞ்சம் புகுந்தனர். நெரிசல் இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை. பின்னரே வாரியத்தின் கவனம் வடக்கே, வயல்களும் சிற்றூர்களுமாய் இருந்த தாதர், மாட்டுங்கா நிலங்களின்பால் முழுமையாகத் திரும்பியது. நிலம் கையகப்படுத்தும் பணி நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கியதாயினும், கட்டடங்கள் பெருவாரியாக எழுந்தவை 1920களிலும் 1930களிலுமே ஆகும்.

அக்கட்டடங்களில் வாடகைக்குக் குடியேறியோருள் தமிழ் எழுத்தர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அரசு அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்றிய இவர்களுள் பெரும்பாலோர் அந்தணர். கழிப்பறையை வீட்டினுள்ளேயே கொண்ட அடுக்கக வாழ்வு இவர்களுக்குப் புதிது. ஊரில் கொல்லைப்புறத்திற்கு அப்பால் ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று, சமையலறைக்குச் சில அடி தொலைவில் வந்து அமைந்தது. ஆசாரத்தைப் பேணுவோர் இதனை ஏற்றமை சிறு மாற்றமன்று. அடுக்களையையும் கழிப்பறையையும் பிரிக்கும் சுவரின் நிலை, கூடத்தின் வாயில், நீர்க்குழாய் இருக்குமிடம் முதலியன தமிழ் இல்லற ஒழுக்கத்தை எவ்வாறு மாற்றின என்பது தனி ஆய்வுக்குரியது. கோயில்களையும் சபைகளையும் பற்றியே எழுதிப் பழகிய புலம்பெயர் தமிழர் வரலாறு, வீட்டின் தரைப்படத்தைப் போதிய அளவு நோக்கவில்லை.

பண்பாட்டு நிறுவனங்கள் குடியிருப்பைத் தொடர்ந்து வந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலும், சண்முகானந்தா நுண்கலை சங்கீத சபை 1952இலும் தோற்றம் பெற்றன. இவற்றிற்கான முயற்சி குடியேறியோருடையதே. எனினும் நிலையான முகவரியும் திங்கள்தோறும் ஊதியமும் உடையோர் ஒரே வட்டாரத்தில் திரண்டதனாலேயே அம்முயற்சி கைகூடிற்று. அத்திரட்சிக்கு இடமளித்தது நகரத் திட்டமே ஆகும்.

இருப்புப் பாதையின் மேற்கே நிலை வேறு. நாற்றமுடைய தொழில்களை நகரின் எல்லைக்குத் தள்ளிய கொள்கையால் தோல் பதனிடும் தொழில் தாராவியில் வேரூன்றியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அத்தொழிலை நிலைநிறுத்தினர். சதுப்பு நிலத்தைத் தூர்த்து வாழிடமாக்கியவர்களும் இவ்வாறு வந்து குடியேறியோரே. இவர்கள் உழைப்பு நகருக்குத் தேவைப்பட்டது. இவர்களுக்கான மனை எந்த வரைபடத்திலும் ஒதுக்கப்படவில்லை.

தாராவி திட்டத்தின் பார்வைக்குள் வந்தது நெடுங்காலம் கழித்தே. 1971இல் மகாராட்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் பிரதமர் இராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 2004இல் மறுசீரமைப்புத் திட்டத்திற்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது. பணி நெடிது தாழ்ந்து, 2022ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிக்குப் பின்னரே மீண்டும் முனைப்புற்றது. அங்கேயே விலையின்றி வீடு பெறுவதற்கு 2000 சனவரி 1 என்னும் எல்லை நாள் அளவுகோலாயிற்று.

அந்நாளுக்கு முன்னர் வாழ்ந்தமையை மெய்ப்பிக்கக் குடும்ப அட்டையும் மின் கட்டணச் சீட்டும் வாக்காளர் பட்டியலுமே சான்றுகள். மாட்டுங்காத் தமிழர்க்குச் சங்க ஆண்டறிக்கைகளும் விழா மலர்களும் உள்ளன. தாராவித் தமிழரின் வரலாற்றுக்குப் பெரும்பாலும் மேற்கூறிய தாள்களே மூல ஆவணங்கள். இடிப்புத் தொடங்குமுன் அவற்றைத் தொகுப்பது தமிழாய்வுத் துறைகளின் உடனடிக் கடமையாகும்.