முற்றத்துச் சப்போட்டாவுக்கு எந்த ஊர்?

எங்க வீட்டு வாசல்ல 15 அடி இடம் சும்மா கிடக்குது. மேற்குப் பார்த்த வீடு. சாயங்காலம் சுவரைத் தொட்டா சுடும். அங்கே ஒரு நிழல் மரம் வைக்கலாம்னு ஆரம்பிச்ச தேடல்தான் இந்த எபிசோட்.

அம்மா ரெண்டு கண்டிஷன் போட்டாங்க. பழம் தரணும், புயலுக்குச் சாயக் கூடாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்னைக்கு சென்னையில இருந்தவங்களுக்கு அந்தப் பயம் புரியும். நான் மூணாவதா ஒண்ணு சேர்த்தேன்: நம்ம ஊர் மரமா இருக்கணும். அங்கேதான் மாட்டிக்கிட்டேன்.

கொய்யா, சீதா, பப்பாளி, சப்போட்டா. நாலுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். சீதை பெயரைச் சுமக்கிற மரத்துக்கும் அதே கதைதான்! 1500-ல் கப்ரால் தலைமையில் இந்தியாவுக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியக் கப்பல்கள், வழியில் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டுத்தான் கோழிக்கோடு வந்தன. அந்தக் கடல்வழி திறந்த பிறகு, இப்படிப் பல செடிகள் கண்டம் தாண்டின.

இன்னொரு வழி பசிபிக்கில். 1565 முதல் 1815 வரை ஸ்பானியர்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல் விட்டார்கள். ஸ்கூல் வாசல்ல வாங்கித் தின்ன கொடுக்காப்புளியின் பூர்வீகமும் மெக்சிகோ பக்கம்தான். ஆங்கிலத்தில் அதை ‘மணிலா புளி’ன்னும் சொல்றாங்க, ‘மெட்ராஸ் முள்’னும் சொல்றாங்க.

சரி, மாவும் நாவலும் இந்த மண்ணுடையவை. ஆனா 15 அடிக்குள் அடங்காது. நெல்லிக்கு நிழல் மெலிசு. சீதா மழையில்லாத மாதங்களில் இலையைக் கொட்டிடும். பப்பாளி குடை மாதிரி உச்சியில மட்டும் விரியும், காத்துக்கும் தாங்காது. கடைசியில் நின்னது சப்போட்டா. வருஷம் முழுக்க அடர்ந்த இலை, காத்தைத் தாங்கும் கிளை. மெதுவா வளர்றதால வெட்டி அடக்கவும் முடியும். அதிலும் பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 ரகம் குட்டையானது.

அரைமனசோட நர்சரிக்குப் போனேன். கடைக்காரர் கன்றின் தண்டில் ஒரு தழும்பைக் காட்டினார். “இதுக்கு மேலதான் தம்பி சப்போட்டா. கீழே இருக்கிறது பாலை. நடும்போது இந்த ஒட்டு மண்ணுக்குள்ள போயிடக் கூடாது. கீழேருந்து துளிர் வந்தா கிள்ளிடுங்க, இல்லன்னா பாலை மேல வந்துரும்.”

அவர் சொன்னது உலக்கைப் பாலையை. சப்போட்டாவுக்குச் சொந்தக்கார மரம்; வறட்சியைத் தாங்கும் வேர். நம்ம சோழமண்டலக் கரையோரக் காட்டில் தானா வளர்ந்தது. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் உண்டு. ஈழத்தமிழர்கள் பாலைப்பழத்தை விரும்பிச் சாப்பிடுவார்கள். நம்ம பக்கம் அந்தக் காடே சுருங்கி, மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு கோயில் காடுகளில்தான்.

அதாவது, நான் தேடின நம்ம ஊர் மரம் அந்தக் கன்றுக்குள்ளேயே இருந்தது. ஆனா வேரா மட்டும். அது தலைதூக்கினா கிள்ளிடணும்னு எனக்குச் சொல்லியும் அனுப்பிட்டாங்க.

கன்றை வாங்கி நட்டாச்சு. நிழல் வர சில வருஷம் ஆகும். கீழே துளிர் விட்டா கிள்ளத்தான் போறேன்; அம்மாவுக்குப் பழம் வேணுமே. அதனால பாலைக்குன்னு தனியா ஒரு கன்று தேடுறேன். வீட்டு வாசலில் இடமில்லை, எங்க தெருமுனைப் பூங்காவில் கேட்டிருக்கேன். உங்க ஊர்ல பாலை மரம் நிக்குதா? பார்த்திருந்தா எழுதுங்க.