உலோகத்தில் மின்பொறிப்பு: உளி முதல் மின்கலம் வரை

மின்பொறிப்பு என்பது மின்சாரத்தின் துணையால் உலோகப் பரப்பை வேண்டிய இடத்தில் மட்டும் அரித்து, எழுத்தையோ உருவத்தையோ பதிக்கும் முறையாகும். மின்கலம், இரண்டு கம்பிகள், உப்புக் கரைசல் ஆகியவை இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்ய முடியும். செய்முறை எளிது. ஆனால் அதன் பின்னால் நீண்ட வரலாறும், எளிமையால் மறக்கப்படும் ஆபத்தும் உள்ளன.

உளியின் காலம்

உலோகத்தில் எழுதுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பாண்டியர் தம் கொடைகளைச் செப்பேடுகளில் வெட்டுவித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிவகாசியில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரபாண்டியனின் செப்பேடுகள் கிடைத்துள்ளன. வேள்விக்குடிச் செப்பேட்டில் எழுத்தை வெட்டியவரின் பெயரும் இடம்பெற்றுள்ளது. அரசாணை நிலைப்பது அவருடைய கைத்திறனைப் பொறுத்தே இருந்தது.

செப்பேடு அரசனின் உரிமைப் பத்திரம் என்றால், பெயர் வெட்டிய பாத்திரம் எளிய குடும்பத்தின் உரிமைப் பத்திரம் எனலாம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் உள்ளிட்ட தமிழக ஊர்களில் சீர்வரிசைக் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டாவும், அடகுக்குப் போன குத்துவிளக்கும் அந்தப் பெயரால்தான் அடையாளம் காணப்பட்டன. தாய்வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடத்தில் தன் பெயர் இருப்பது, அது தன் பொருள் என்பதற்குப் பெண்ணின் கையிலிருந்த சான்று. பாத்திரக் கடைக்காரர் சிற்றுளியைச் சுத்தியால் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தை உருவாக்கினார். பித்தளையைவிடக் கடினமான எவர்சில்வர் பரவியபின், மின்சாரத்தால் இயங்கும் எழுதுகோல்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

அமிலத்திலிருந்து மின்சாரத்துக்கு

ஐரோப்பாவில் போர்க்கவசங்களை அலங்கரிக்க அமில அரிப்பு பயன்பட்டது. உலோகத்தின் மேல் மெழுகு போன்ற காப்புப் பூச்சைத் தடவி, அதில் கோடு கீறி, அமிலத்தில் இடுவார்கள். பூச்சு நீங்கிய இடம் மட்டும் அரிக்கப்படும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த டேனியல் ஹாப்பர், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையை அச்சுப் படங்களுக்குப் பயன்படுத்தினார். ஈய எழுத்து அச்சகங்களின் காலத்தில் பத்திரிகைப் படங்களுக்கான பிளாக்குகளும் துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் அரித்தே செய்யப்பட்டன. அமிலமும் அதன் புகையும் தொழிலாளரின் கையையும் மூச்சையும் பாதித்தன.

1800-இல் வோல்டா தம் மின்கலத்தை அறிவித்தார். 1830-களில் மைக்கேல் ஃபாரடே மின்பகுப்பு விதிகளை வகுத்தார். 1840-இல் லிவர்பூலைச் சேர்ந்த தாமஸ் ஸ்பென்சரும் ஜான் வில்சனும் மின்சாரத்தால் உலோகத்தைப் பொறிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அரிக்கும் வேலையை அமிலத்துக்குப் பதில் மின்னோட்டம் செய்யத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் மின்வேதியியல் ஆய்வுக்கெனத் தனி நிறுவனம் காரைக்குடியில் உருவானது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது.

செயல்படும் விதம்

முலாம் பூசும்போது பாத்திரம் எதிர்மின்வாயில் இணைக்கப்படும். உலோகம் அதன் மேல் படியும். பொறிக்கும்போது பாத்திரம் நேர்மின்வாயில் இணைக்கப்படும். உலோகம் அதிலிருந்து கரையும். இரண்டும் ஒரே வினையின் இரு திசைகள். நகப்பூச்சு, மெழுகு அல்லது ஒட்டுத்தாள் காப்புப் பூச்சாகிறது. செம்புக்கு மயில்துத்தக் கரைசல் ஏற்றது.

ஃபாரடே விதிப்படி, 1 ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் பாய்ந்தால் சுமார் 0.2 கிராம் செம்பு கரையும். 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் ஆழம். அளவு சிறிது என்றாலும் விரலால் தடவினால் உணரலாம், கண்ணுக்கும் தெரியும். மின்னோட்டத்தையும் நேரத்தையும் கொண்டு ஆழத்தை முன்கூட்டியே கணக்கிட முடிவது இம்முறையின் சிறப்பு.

மறக்கக்கூடாத ஆபத்து

அமிலம் இல்லாததால் இம்முறை முற்றிலும் பாதுகாப்பானது என்று கருதுவது தவறு. எவர்சில்வரில் இரும்புடன் குரோமியமும், பெரும்பாலான வகைகளில் நிக்கலும் உண்டு. அதைப் பொறிக்கும்போது புற்றுநோயை உண்டாக்கவல்ல ஆறு இணைதிறன் குரோமியம் கரைசலில் உருவாகக்கூடும். எதிர்மின்வாயில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும். சாதாரண உப்பைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குளோரினும் வெளிவரலாம். கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமான இடமும் அவசியம். மாணவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். மின்கலத்தின் இரு முனைகளும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. உணவுப் பாத்திரத்தின் உட்புறத்தைப் பொறிக்கக் கூடாது. மீந்த கரைசலைச் சாக்கடையிலோ கண்மாயிலோ கொட்டக் கூடாது. மயில்துத்தம் மீன்களைக் கொல்லும்.

உளி அடித்தவருக்குத் தன் கையின் காயம் உடனே தெரிந்தது. மின்கலத்தால் பொறிப்பவருக்குக் கரைசலில் சேரும் நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே செய்முறையோடு அதன் வேதியியலையும் கற்றுக்கொள்வது இத்தொழில்நுட்பத்தின் பிரிக்க முடியாத பகுதியாகும்.