மூளைக்கு ரெண்டு அம்மா

மூளையைச் சுத்தி மூணு உறை இருக்கு. வெளியே டியூரா மேட்டர், நடுவுல அரக்னாய்ட் மேட்டர், உள்ளே பயா மேட்டர். "மேட்டர்"னா விஷயம்னு நினைச்சுடாதீங்க, லத்தீன்ல அது "அம்மா". எம்பிபிஎஸ் முதல் வருஷத்துல எல்லாரும் மனப்பாடம் பண்றோம், மூளைக்கு எதுக்கு அம்மான்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2ம் நூற்றாண்டில் காலென் கிரேக்கத்தில் எழுதியபோது அம்மாவெல்லாம் கிடையாது. தடித்த சவ்வு, மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். சவ்வுக்கு கிரேக்கத்தில் "மெனிங்க்ஸ்". மெனிஞ்சைட்டிஸ் என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த அறிவு அரபிக்குப் போனப்ப சவ்வு "உம்மு" ஆச்சு, அதாவது அம்மா. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உள்ள ஒட்டுறவை அப்பா, அம்மா, பிள்ளைன்னு சொல்றது அரபியில வழக்கம். நமக்கும் இது புதுசில்ல, அம்மி மேல கிடக்கறது குழவிதானே!

10ம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அலி இப்னு அல்-அப்பாஸ் அல்-மஜூசி எழுதிய பெரிய மருத்துவ நூலை, 1127ல் அந்தியோக்கியாவில் ஸ்டீபன் என்பவர் லத்தீனுக்குக் கொண்டுவந்தார். "கெட்டியான அம்மா" டியூரா மேட்டர் ஆச்சு. அது சரி. "மெல்லிய அம்மா"வுக்குக் கிடைச்ச சொல் "பயா". அதுக்கு பக்தியுள்ள, பாசமான என்றுதான் பொருள், மெல்லிசுன்னு இல்ல! கிட்டத்தட்ட 900 வருஷமா மருத்துவ மாணவர்கள் அதைத்தான் ஒப்பிக்கிறாங்க. என்னைக் கேட்டா, தப்பா இருந்தாலும் நல்ல பேரு. மூளையோட ஒவ்வொரு மடிப்புக்குள்ளேயும் ஒட்டிக்கிட்டே இறங்குறது பயா மட்டும்தான்.

நடு உறையைத் தனியா அடையாளம் காண 1664 ஆச்சு. ஆம்ஸ்டர்டாமில் பிளாசியஸ். சிலந்தி வலை மாதிரி இருக்கறதால அரக்னாய்ட். அதுக்கும் பயாவுக்கும் இடையிலதான் மூளைத் தண்டுவட நீர் ஓடுது.

1891ல் ஜெர்மனியின் கீல் நகரில் குவிங்கே இடுப்புக்கிட்ட ஊசி போட்டு அந்த நீரை எடுத்தார். அழுத்தம் அளந்தார், சர்க்கரை, புரதம் பார்த்தார். இன்னிக்கும் அதேதான் பண்றோம்.

இன்னிக்கும் வார்டில் அதே சண்டையும் உண்டு. குழந்தைக்கு ஜுரம், வலிப்பு, கழுத்து விறைப்பு. "முதுகுத் தண்ணி எடுக்கணும்"னு சொன்னதும் பாட்டி குறுக்கே வந்து, "கால் விளங்காமப் போயிடும், கையெழுத்து போடாதே"ம்பாங்க. பயம் புரியுது. ஆனா ஊசி போற இடத்துல தண்டுவடமே கிடையாது, அது மேலேயே முடிஞ்சுடுது. கீழே நீருக்குள்ள நரம்புகள்தான் மிதக்குது, ஊசி பட்டா பெரும்பாலும் விலகிக்கும். மூளையில அழுத்தம் அதிகம்னு சந்தேகம் வந்தா, ஸ்கேன் பார்க்காம ஊசியை எடுக்கவே மாட்டோம்.

பாக்டீரியாவா, டிபியா, வைரஸான்னு அந்த நீர்தான் காட்டிக்கொடுக்கும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. கையெழுத்துக்காகக் காத்திருக்காம ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிச்சிடுவோம். ஆனா மருந்து உள்ள போய் சில மணி நேரத்துலயே கல்ச்சரில் கிருமி வளராமப் போகலாம். அப்புறம் எது வந்துச்சுன்னு ஊகிச்சுத்தான் வைத்தியம் பார்க்கணும்.