நெல் குலைநோய்ப் பூஞ்சை: இணைவகையும் வீரியமும்

பைரிகுலேரியா ஒரைசே என்னும் பூஞ்சையால் நெல்லுக்கு வருவது குலைநோய். இலையில் கண் வடிவப் புள்ளியாகத் தொடங்கும். கதிரின் கழுத்தைப் பிடித்துவிட்டால் மணி பால் பிடிக்காமல் சாவியாகிவிடும். திண்டுக்கல் ஆத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் மார்கழிப் பனியோடு யூரியாவும் மிஞ்சினால் இதற்குக் கொண்டாட்டம்தான்.

சீனர்கள் 1637-லேயே எழுதிவைத்த நோய் இது. இந்தியாவில் 1913-இல் பதிவானது. 1919-இல் தஞ்சை டெல்டாவைப் பெரிய அளவில் தாக்கியது.

இப்பூஞ்சையில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. மேட் 1-1, மேட் 1-2 என இரண்டு இணைவகைகள் உண்டு. ஒவ்வொரு பூஞ்சையிலும் இவற்றுள் ஒன்றுதான் இருக்கும். இருவகையும் சந்திக்க வேண்டும், ஒன்றாவது மலடில்லாமல் இருக்க வேண்டும்; அப்போதுதான் இணைசேரும். நெல்வயலில் பெரும்பாலும் ஒரே வகைதான் கிடைக்கும், அதுவும் மலடாகவே இருக்கும். பூஞ்சை பரவக் காற்றில் பறக்கும் பாலிலா வித்துகளே போதும். அமெரிக்காவில் ஹெபர்ட் 1971-இல் களைப்புல்லில் எடுத்த பூஞ்சைகளை ஆய்வகத்தில் இணைத்த பிறகுதான் பாலினப் பருவம் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியப் பூஞ்சைகளின் இணைவகைப் பரவலை சென்னைப் பல்கலைக்கழகத்தின் விஜியும் ஞானமாணிக்கமும் 1998-இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இணைவகை நோய் வீரியத்தை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. ஆனால் வீரியத்தின் மரபணுக்களைத் தேடிப் பிடிக்க இணைசேர்க்கையே வழிகாட்டியது. இங்கே கதைக்குள் வருவது நம் கோயம்புத்தூர் ரகமான கோ 39. குலைநோய்க்கு எளிதில் விழும் நெல் என்று உலக ஆய்வகங்களெல்லாம் ஒப்பீட்டுக்காக வளர்க்கும் ரகம் அது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. பிரெஞ்சு கயானாவில் எடுத்த கை 11 என்ற பூஞ்சை கோ 39-ஐத் தாக்கும். 2539 என்ற ஆய்வகப் பூஞ்சை தாக்காது. எதிரெதிர் இணைவகையான இவ்விரண்டையும் இணைத்துப் பிறந்த வழித்தோன்றல்களைக் கோ 39 மீது சோதித்தபோது, தாக்காத பண்பு ஒரே மரபணுவோடு தொடர்ந்து வந்தது. அதற்கு ஏவிஆர்1-கோ39 என்று பெயர். ஃபார்மன், லியோங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரோமோசோமில் அதன் இடத்தை நோக்கி நடந்த பயணத்தை 1998-இல் வெளியிட்டனர்.

இது பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கும் மரபணு. அதன் புரதம் கண்ணில் பட்டதும் கோ 39 விழித்துக்கொண்டு எதிர்க்கும். நோஞ்சான் என்று பெயரெடுத்த நெல்லுக்குள்ளும் ஒரு காவல்காரன் இருந்திருக்கிறான். ஆனால் நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவே இல்லை. காவல்காரன் தூங்கும் வீட்டில் நுழைவதுபோல அவை நுழைந்துவிடுகின்றன.