செக்ரோலும் சிவப்புக் கட்டமும்



ஹற்றனிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிற மாவட்டங்களிலிருந்து இவ்வொலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று, பெற்றோர் இட்ட பேர். மற்றொன்று, கணக்கப்பிள்ளை போடும் பேர். நாள் முழுவதும் வேலை செய்தவருக்குச் செக்ரோலில் அன்றைய கட்டத்தில் ஒரு பேர் விழும். செய்த வேலை போதாது என்று கருதப்பட்டவருக்கு அரைப் பேர். மாத முடிவில் சம்பளம் கிடைப்பது இந்த இரண்டாவது பேருக்குத்தான்.

இக்காலத்திலே கணினித் திரையில் விரிதாள் என்று ஒன்று விரிகின்றது. அதில் ஓர் எண் குறைந்தால் அதன் கட்டம் தானாகவே சிவக்கின்றது. எண் ஏறினால் பச்சையாகின்றது. இதற்கு நிபந்தனை வடிவூட்டம் என்று பெயர். எங்கள் பாடசாலையில் மாணவர் வரவையும் புள்ளிகளையும் இவ்வாறுதான் இப்பொழுது பதிகின்றோம். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செக்ரோல் நினைவுக்கு வருகின்றது. ஏன் வருகின்றது என்பதே இன்றைய பேச்சு.

செக்ரோல் என்பது என்ன? நீளமான ஒரு பேரேடு. இடப்புறம் மேலிருந்து கீழாகத் தொழிலாளரின் பெயர்கள். மேலே குறுக்காக மாதத்தின் நாட்கள், ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. பெயரும் நாளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டம். நிரையும் நிரலும் கலமும் கொண்ட இன்றைய விரிதாளின் உருவம் முழுவதும் அதிலே இருந்தது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. பயிர் மாறியது, கட்டம் போட்ட பேரேடு மாறவில்லை.

அந்தக் கட்டத்தை நம்பியிருந்தவர் தொழிலாளர் மட்டுமல்லர். தம் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சல் கண்டவளையும் லயத்திலிருந்து எழுப்பி மலைக்கு அனுப்ப அவருக்குக் காரணம் இருந்தது. கட்டம் நிரம்பினால் அவர் மடியும் நிரம்பும் அன்றோ?

கொழுந்து எடுப்பவர்க்குப் பேர் போடுவதில் ஒரு நிபந்தனை இருந்தது; இன்றும் இருக்கின்றது. இவ்வளவு றாத்தல் எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். பின்னாளில் றாத்தல் கிலோவாயிற்று. இந்த நிபந்தனை பேரேட்டில் எந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்காது. எழுதப்பட்டிருப்பது விளைவு மாத்திரமே.

என் தாயார் கொழுந்து எடுத்தவர். நான் சிறுவனாயிருந்தபோது, பாடசாலை விட்டதும் தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போவது வழக்கம். ஒரு நாள் விடாத மழை. தராசில் அம்மாவின் கூடை தொங்கியது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தார், பென்சிலை எடுத்தார். “ஐயா, அரைப் பேரு போட்டுறாதீங்க. கவ்வாத்து வெட்டுன மலைக்கு அனுப்புனா கொழுந்துக்கு நான் எங்க போவேன்?” என்றார் அம்மா. கணக்கப்பிள்ளை தலையை உயர்த்தி அந்த மலையைப் பார்த்தார். பிறகு முழுப் பேர் போட்டார்.

இதைக் கேட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அதே கணக்கப்பிள்ளை மறுவாரம் இன்னொரு பெண்ணுக்கு, அவளும் அதே மலையிலிருந்து இறங்கியவள்தான், ஒரு சொல்லும் கேளாமல் அரைப் பேர் போட்டதையும் நான் கண்டேன். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. மனிதர் கையில் பென்சில் இருந்தால் இரக்கமும் உண்டு, ஓரவஞ்சனையும் உண்டு. ஆனால் ஒன்று: யார் போட்டார், எதற்காகப் போட்டார் என்று கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் நின்றார்.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால், அவர்கள் பெற்ற வெற்றிகளிற் பல, காகிதத்தில் எழுதப்பட்டதற்குப் பின்னாலிருந்த விதியை மாற்றியதால் வந்தவை என்பது புலப்படும். துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், “இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன்” என்று துரை எழுதிய துண்டு வேண்டும். பழைய கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆள் இடம் மாறினாலும் கடன் கூடவே நடந்து வரும். தம் பெயருக்கு எதிரே நின்ற தொகை எப்படி வந்தது என்று அறியாமலே முதுமையடைந்தவர் எத்தனையோ பேர். 1921ஆம் ஆண்டின் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது.

அடுத்தது 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். அதன்படி 1929இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் வரையறுக்கப்பட்டது: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். சம்பளம் சட்டத்தில் ஏறியது பெரிய முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த மூன்று எண்களையும் நோக்குங்கள். தோட்டத்தின் வருவாய்க்கெல்லாம் வேரான கொழுந்தைப் பெரும்பாலும் எடுத்தவர்கள் பெண்கள். ஆனால் பெண் என்றால் 11 சதம் குறைவு என்னும் நிபந்தனை சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. ஒரு பேரேட்டின் விதியைத் திருத்துவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இவ்விடத்தில் கோ. நடேசய்யரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. தஞ்சையிலே ‘வர்த்தக மித்திரன்’ என்னும் வணிக ஏட்டை நடத்தியவர் அவர். இலங்கைக்கு வந்து ‘தேசபக்தன்’ நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடைவை வியாபாரிபோல் உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் என்பர். வணிகமும் கணக்கும் அறிந்த ஒருவர் தொழிலாளரின் தலைவரானது தற்செயல் என்று நான் நினைப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது, கழிவு எப்படிப் போடப்படுகிறது என்பவற்றைத் தமிழிலே எழுதி அவர்கள் கைக்குக் கொண்டுசேர்த்தார்.

இனி விரிதாளுக்கு வருவோம். 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் வகுப்பில் அமர்ந்திருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கெழுதினார். ஓர் எண்ணை மாற்றியதும் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியதாயிற்று. கரும்பலகை தானே திருத்திக்கொண்டால் எப்படியிருக்கும் என்று அந்த மாணவர் எண்ணினார். அவரும் பொப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகல்க் என்னும் மென்பொருள் 1979இல் வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல். எண் மாறினால் கூட்டுத்தொகை மாறுவதற்கு அந்த 1979 போதுமாயிருந்தது. எண் மாறினால் கட்டத்தின் நிறமும் நாம் விதித்தபடி மாறும் என்னும் வசதி எக்செலில் 1997ஆம் ஆண்டின் பதிப்பில் வந்தது. அன்று ஒரு கலத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் இடமில்லை. 2007இல் அந்த வரம்பு நீங்கியது. நிறச்சாயல்களும், பட்டைகளும், வீதிச் சமிக்ஞை விளக்குப் போன்ற குறிகளும் சேர்ந்தன.

இதன் வேலை எளிது. கலங்களைத் தெரிவு செய்து, ‘18க்குக் குறைந்தால் சிவப்பு’ என்று ஒரு விதி எழுதினால் போதும். கையால் பூசிய நிறம் எண் திருந்தினாலும் அப்படியே நிற்கும். விதியால் வந்த நிறம் எண்ணோடு சேர்ந்து திருந்தும். நூறு பேருடைய கணக்கை ஒரே பார்வையில் காணலாம். அந்தக் கெஞ்சத் தெரியாத பெண்ணை நினைத்துப் பார்க்கின்றேன். விதி அவளுக்கும் என் தாயாருக்கும் ஒரே மாதிரித்தான் நிறமிடும். அது பெரிய நன்மை.

ஆனால் விதி எழுதியவருடைய நினைவும் மறதியும் விதிக்குள்ளே இருக்கும். மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, வெற்றுக் கலம். ‘18க்குக் குறைந்தால்’ என்று எழுதினால், ஒன்றும் எழுதப்படாத கலத்தையும் கணினி பூச்சியமாகக் கொண்டு சிவப்பாக்கிவிடும். வேலைக்கு வராதவள், வேலை கொடுக்கப்படாதவள், பதிய மறந்துபோனவள் ஆகிய மூவரும் அதற்கு ஒன்றே. இரண்டாவது, டொலர் குறி. ஒப்பிடும் எண் இருக்கும் கலத்தின் முகவரிக்கு டொலர் குறியிட்டுப் பூட்டினால் எல்லா நிரைகளும் அந்த ஒரே எண்ணோடு ஒப்பிடப்படும். பூட்டாவிடின் ஒவ்வொரு நிரையும் தனக்குரிய எண்ணோடு ஒப்பிடப்படும். செழித்த மலைக்கும் கவ்வாத்து மலைக்கும், கொழுந்து குவியும் சித்திரைக்கும் பனி கொட்டும் தை மாசிக்கும் ஒரே அளவா என்று என் தாயார் கேட்ட கேள்வி முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு குறிக்குள் அடங்கிவிடுகின்றது. மூன்றாவது, அந்த விளக்குக் குறிகள். நாம் எல்லைகளை மாற்றாமல் விட்டால், மிகக் குறைந்த எண்ணுக்கும் மிகக் கூடிய எண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தை அது தானே மூன்றாகப் பகுத்துக்கொள்ளும். வகுப்பில் எல்லாரும் 85க்கும் 95க்கும் இடையில் புள்ளி பெற்றிருந்தாலும் 85 பெற்ற பிள்ளைக்குச் சிவப்பு விளக்குத்தான். எல்லாரும் நன்றாகச் செய்த நாளிலும் யாரோ ஒருவர் தாழ்ந்தவராகியே தீரவேண்டும்.

2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல தோட்டங்களில் எழுந்த வழக்கு சம்பளத்தைப் பற்றியதன்று. எத்தனை கிலோ எடுத்தால் அந்தச் சம்பளம் என்பதைப் பற்றியது. தொகை பகிரங்கமாயிற்று, நிபந்தனை தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. இலத்திரனியல் தராசுகளும் பல இடங்களில் வந்துவிட்டன. முள்ளைப் பார்க்கும் தகராறு குறைந்தது நல்லதே. கழிவு எவ்வளவு என்னும் கேள்வி தராசு மாறியதால் தீரவில்லை.

பிறரைச் சொல்லி என்ன? நான் செய்ததையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் பாடசாலையில் மாணவர் வரவுக்கு நானே ஒரு விரிதாள் தயாரித்தேன். 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பெயர் சிவக்க வேண்டும் என்று விதி எழுதினேன். அழகாக இருந்தது, சற்றுப் பெருமையும் கொண்டேன். தவணை முடிவில் நிறத்தோடு அச்சிட்டு விளம்பரப் பலகையில் ஒட்டுவித்தேன். மறுநாள் ஒரு மாணவி பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அவளுடைய தாயார், மலைக்குப் போகும் படங்கை இடுப்பில் கட்டியபடியே, அலுவலகத்துக்கு வந்தார்.

“ஐயா, எம் புள்ள பேரு செவப்புல இருக்குதாம். சேத்த நாள்லேர்ந்து ஒரு நாளும் நிக்கலீங்களே” என்றார்.

பேரேட்டைப் புரட்டினேன். குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து இடம்மாறி வந்தது; பிள்ளை தவணையின் நடுவில் சேர்ந்தவள். சேர்வதற்கு முந்திய ஐந்து வாரங்களையும் என் விதி பாடசாலை நாட்களாகக் கூட்டியிருந்தது.

“சேராத பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிங்கையா வர முடியும்?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தாளைக் கிழித்துவிட்டு, சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்படி விதியைத் திருத்தினேன். இப்பொழுது எந்தத் தாளை ஒட்டினாலும் அதன் தலைப்பில், ‘எதற்குச் சிவப்பு, எந்த நாளிலிருந்து கணக்கு, வெற்றுக் கட்டத்தின் பொருள் என்ன’ என்று மூன்று வரி எழுதுவிக்கின்றேன். அந்தப் பிள்ளை அடுத்த திங்கட்கிழமை வந்தாள். நேராகப் பலகைக்குப் போய், முதலில் அந்த மூன்று வரிகளையும், பிறகு தன் பெயரையும் வாசித்தாள்.