சென்னைத் தெருப்பின்னல்

சென்னைத் தெருப்பின்னல் என்பது அந்நகரத் தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் அமைப்பு. ஒரு சந்திப்பில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன, முட்டுச்சந்துகள் எவ்வளவு, பக்கத்துத் தெருவுக்குப் போக எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பவற்றைக் கொண்டு இவ்விணைப்பு அளக்கப்படுகிறது. நகரம் விரியவிரிய இது தளர்ந்தே வந்துள்ளது.

மூத்த பின்னல் கோயில்களைச் சார்ந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தேர் ஓடிய அகன்ற மாட வீதிகளிலிருந்து குறுந்தெருக்கள் கிளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மறுமுனையில் இன்னொரு தெருவைத் தொட்டன. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சுப் போர்களை ஒட்டி இடிக்கப்பட்டது. இன்றைய உயர்நீதிமன்ற வளாகம் அவ்விடத்தில் உள்ளது. அதன் பின் வணிகர்கள் அருகிலிருந்த முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் பெருகினர். இவ்விரண்டுக்கும் இடையில் கிடந்த தாழ்நிலத்தை ஸ்டீபன் பாப்பம் சீராக்கியதால் பிராட்வே உருவானது. இப்போது அது பிரகாசம் சாலை. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு ஆகியவை இணையாக ஓட, குறுக்குத் தெருக்கள் அவற்றை வெட்டிச் செல்கின்றன. இத்தெருக்கள் அடங்கிய ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குப் பேர்பெற்றது. ஆனால் நடப்பவருக்கு அது பல வழிகளைத் திறந்துவைத்துள்ளது.

1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் மாம்பலத்தில் நீண்ட ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நிலம் மொத்தமாக ஒரே கையில் இருந்ததால் முதலில் தெருக்களும் பிறகு மனைகளும் வரையப்பட்டன. பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிந்து சென்றன. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி அமைந்த அண்ணா நகரும் இம்முறையைப் பின்பற்றியது.

புறநகரில் தெருவுக்குப் பின் மனை என்ற இவ்வரிசை தலைகீழானது. வயல்கள் தனித்தனியே மனைப்பிரிவுகளாயின. ஒவ்வொன்றுக்கும் பிரதான சாலையில் ஒரு வாயில் போதுமென்றானது. ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுவதால், சோழிங்கநல்லூர்–அக்கரை சாலை போன்ற ஒருசில இணைப்புகளையே இரு பக்கத்தாரும் நம்பியுள்ளனர். பேருந்து உட்புகாத இக்குடியிருப்புகளில் இருசக்கர வாகனம் இன்றியமையாததாகிவிட்டது. அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. திட்டமிட வேண்டிய பரப்பும் பெருகியது: 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கப்பட்டது.