பொதுப் பாதையும் பொது நூலகமும்

நாவலப்பிட்டியை 1874-ஆம் ஆண்டில் எட்டிய இருப்புப்பாதை, வட்டவளையையும் அட்டனையும் கடந்து 1885-இல் நானுஓயாவை அடைந்தது. அடைமழைக்குப் பெயர்பெற்ற வட்டவளைச் சரிவுகளில் தோட்டந்தோறும் கொழும்புக்குத் தனிப்பாதை அமைக்கப்படவில்லை. எல்லாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளும் ஒரே பாதையில் இறங்கின. அரிசி மூட்டைகளும் அதிலேயே ஏறின. செலவு குறைந்தது. ஆயினும் ஓரிடத்தில் மண் சரிந்தால் அனைவரின் சரக்கும் ஒருங்கே தேங்கும். பொதுமையால் விளையும் நன்மையும் இடரும் பிரியாது உடன்வருவன.

கணினியின் வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கின்றது. எழுத்தைத் திரையில் வரைதல், கோப்பைத் திறத்தல் முதலிய பணிகள் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவானவை. அவற்றுக்கான கட்டளைகளை ஒருமுறை எழுதி, யாவரும் எடுத்தாள ஓரிடத்தில் வைப்பதே பகிர்வு நூலகம். 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் அமைப்பிலேயே இவ்வெண்ணம் செயல்வடிவம் பெற்றது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸும் இம்முறையை மேற்கொண்டது.

இடர் எங்கே பிறந்தது? நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903-இல் திறக்கப்பட்ட சிறுபாதையின் அகலம் 2½ அடி. கொழும்புப் பாதையின் அகலமோ 5½ அடி. ஒன்றன் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆதலின் சரக்கை இறக்கி மாற்றியேற்ற வேண்டியிருந்தது. அச்சிறுபாதை இன்று இல்லை. அது புகட்டும் பாடம் உண்டு. லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய லிப்சி, 1997, 1998-ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியபோது இதே நிலை நேர்ந்தது. பழையதை நம்பிய மென்பொருள் புதியதில் ஓடவில்லை. ரெட் ஹாட், டெபியன் முதலிய வெளியீடுகள் இரு பதிப்புகளையும் அருகருகே வைத்து அவ்விடரைக் கடந்தன.

இன்றும் லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளின் படத்தைச் சொடுக்கினால், சில வேளை ஒன்றுமே நிகழ்வதில்லை. கணினி பழுதுற்றதென எண்ணி, முழு அமைப்பையும் அழித்து மீண்டும் நிறுவுவோர் உளர். அது வேண்டாத உழைப்பு; சேமித்த பாடங்களும் அதனோடு அழியக்கூடும். முனையத்தைத் திறந்து அம்மென்பொருளின் பெயரைத் தட்டச்சிட்டால், கிடைக்காத நூலகம் இன்னதென்று கணினியே பெயர் சுட்டிக் கூறும். எல்டிடி என்னும் கட்டளை, தேவையான நூலகங்களை வரிசைப்படுத்தி, இல்லாதவற்றைக் காட்டும். நம்பிக்கையற்ற கோப்புகளின்மீது மட்டும் அதனை ஏவுதல் ஆகாது.

நூலகம் இல்லையெனின், வெளியீட்டுக்குரிய களஞ்சியத்திலிருந்து நிறுவுதல் வேண்டும். வழக்கமல்லாத அடைவில் இருப்பின், அவ்வடைவைப் பட்டியலிற் சேர்த்து எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்குதல் வேண்டும். 32 இருமத்துக்குரிய மென்பொருளாயின் நூலகமும் 32 இருமத்துக்குரியதாதல் வேண்டும். வேறு பதிப்பு ஒன்றுக்குத் தேவையான பெயரைச் சூட்டி ஏமாற்றுவது, சிறுபாதையின் வண்டியைப் பெரும்பாதையில் ஏற்றுவதை ஒக்கும்.

பாதை அடைபட்ட இடத்தை அறிந்தவன் மலையைப் பழிப்பதில்லை. வட்டவளையில் பழைய கணினியொன்றின் முன் அமரும் மாணவனுக்கும் வேண்டுவது இதுவே: பிழைச்செய்தி கண்டு அஞ்சாது, அது சுட்டும் பெயரை முதலிற் படித்தல்.